சட்டமன்றத்தில் பயின்ற நீதிபதி

1960 பிப்ரவரியில் நடந்த கேரளச் சட்டமன்றத் தேர்தலில் தலச்சேரித் தொகுதியின் முடிவு மிகச் சொற்ப வாக்குகளில் தீர்மானமானது. காங்கிரஸ் வேட்பாளர் பி. குஞ்ஞிராமன் வென்றார். அதற்கு முந்தைய அரசில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் தோற்றார். தோற்றவர் வக்கீல். எனவே தேர்தல் மனு போட்டார். வழக்கு நடந்து முடிந்தபோது தொகுதியின் உறுப்பினர் கிருஷ்ணய்யர்தான் என்று ஆனது. வழக்காடிப் பெற்ற நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பதினைந்து ஆண்டு கழித்து, 1975 ஜூனில், நாட்டின் பிரதமர் தன் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, கோடை விடுமுறை அமர்வில் தனியாக உட்கார்ந்திருந்த நீதிபதி அதே கிருஷ்ணய்யர். இந்திரா காந்தி வழக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நீதிபதி ஒரு காலத்தில் தேர்தல் மனுதாரராகக் கூண்டின் இன்னொரு பக்கத்தில் நின்றவர் என்பது அந்த எழுத்துகளில் அநேகமாக வருவதில்லை. அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் சட்டமன்ற ஆண்டுகளை முன்னுரைபோல நாலு வரியில் கடந்துவிட்டு, 1973இல் தில்லிக்கு வந்ததிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். அவரது தீர்ப்புகளின் வேர் கூத்துபறம்பிலும் தலச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது என்பது என் வாதம். அவற்றின் பலமும் கோளாறும் இரண்டுமே அங்கிருந்து வந்தவை.

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தின் தமிழ் அய்யர் குடும்பம் அவருடையது. தந்தை மலபாரில் கொயிலாண்டியில் வக்கீல் தொழில் செய்தவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1930களின் இறுதியில் தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். நிலச் சொந்தக்காரரான ஜென்மி, காணக்காரர், வெறும்பாட்டக்காரர் என்று படிப்படியாக அடுக்கிய நில உரிமை அங்கே நடப்பிலிருந்தது. கடைசிப் படியில் இருந்த வெறும்பாட்டக்காரனை எப்போது வேண்டுமானாலும் நிலத்தைவிட்டுக் கிளப்பலாம். கிளப்புவதற்கு அடியாள் தேவையில்லை, முன்சீப் கோர்ட்டின் ஆணை போதும். விவசாயிகள் சங்கமும் கம்யூனிஸ்ட் கட்சியும் அங்கே வேரூன்றியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. அவர்கள்மீது போடப்பட்ட வழக்குகளில் வாதாடக் கிடைத்த வக்கீல்களில் ஒருவர் கிருஷ்ணய்யர். 1948இல் கட்சிமீது ஒடுக்குமுறை பாய்ந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று அவரையே பிடித்து ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். கட்சிக்காரரைக் காப்பாற்றப் போன வக்கீலே உள்ளே போனார். இந்த ஒரு மாதம் பின்னால் இந்தியச் சிறைச் சட்டத்துக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைக் கைதுசெய்தவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

1952இல் கூத்துபறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 375 பேர் கொண்ட சபை. காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 இடங்கள். பெரும்பான்மை இல்லாத அந்தக் கட்சி ராஜாஜியை முன்னிறுத்தியது. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து அமைச்சரவை அமைக்க அழைத்தார். அந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கு தள்ளுபடியானது. புதிதாகச் சபைக்கு வந்த ஒரு வக்கீல் உறுப்பினருக்கு அரசியல் சட்டத்தின் முதல் பாடம் இதுதான்: ஆளுநர் என்ற பதவி சும்மா இருக்கும் அலங்காரம் அல்ல, ஓர் அரசை உண்டாக்கவும் அதனால் முடியும். குலைக்கவும் முடியும் என்ற இரண்டாம் பாடத்துக்கு ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னைச் சபையில் அவர் இருந்த காலத்தில்தான் 1929ஆம் ஆண்டின் மலபார் குத்தகைச் சட்டம் 1954இல் திருத்தப்பட்டது. திருத்தம் போதவில்லை. மலபார் உறுப்பினர்களின் குறையைக் கேட்கச் சென்னைக்கு நேரமும் இல்லை. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது, 1954 ஏப்ரலில் ராஜாஜி போய்க் காமராஜர் வந்தார், 1956 நவம்பர் 1இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. கிருஷ்ணய்யரின் சென்னை வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அடுத்து வந்த இருபத்தெட்டு மாதங்கள்தான் இந்தக் கதையின் நடுப்பகுதி.

1957 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 60 இடங்களை வென்றது. ஆதரவு பெற்ற ஐந்து சுயேச்சைகளையும் சேர்த்து ஆட்சி அமைத்தது. ஏப்ரல் 5இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் 11 பேர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. தலச்சேரியில் வென்ற கிருஷ்ணய்யர் கட்சி உறுப்பினராக இல்லாமலேயே அதில் இடம்பெற்றார். சட்டம், நீதி, உள்துறை, சிறை, நீர்ப்பாசனம், மின்சாரம் என்று பல துறைகள் அந்த ஆட்சிக்காலத்தில் அவர் கைக்கு வந்தன. ஒரே ஆளிடம் இத்தனை துறைகளைக் கொடுத்தது அவர்மீதிருந்த நம்பிக்கையா, சட்டம் தெரிந்த ஆள் பற்றாக்குறையா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். வருவாய்த் துறையில் இருந்த கே.ஆர். கௌரியும் வக்கீல்தான்.

பதவியேற்ற ஆறாம் நாள், ஏப்ரல் 11இல், குத்தகைதாரர்களை நிலத்திலிருந்து வெளியேற்றும் நடவடிக்கைகள் அனைத்தையும் நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் வந்தது. தலச்சேரி கோர்ட்டுகளை அறிந்த எவருக்கும் இதன் நுட்பம் விளங்கும். நிலச் சீர்திருத்த மசோதா ஒன்று வரப்போகிறது என்று ஜென்மிக்குத் தெரிந்தால், சட்டம் வருவதற்குள் குத்தகைக்காரனைக் கிளப்பிவிட்டு நிலத்தைச் சொந்தச் சாகுபடி என்று காட்டிவிடுவார். பிறகு சட்டம் வந்து யாருக்கு என்ன பயன்? எனவே முதலில் கோர்ட்டின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், மசோதாவை நிதானமாக எழுதலாம். இது சித்தாந்தம் படித்து வருகிற அறிவல்ல. வெளியேற்ற வழக்குகள் நடக்கும் வாசலில் நின்று வருவது. விரிவான விவசாய உறவு மசோதா அந்த ஆண்டு டிசம்பரில் அறிமுகமாகி 1959 ஜூனில்தான் நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் குத்தகைதாரர்கள் நிலத்தில் இருந்ததற்கு இந்த நிறுத்திவைப்பே காரணம்.

காவல்துறை விஷயத்தில் அரசு எடுத்த நிலை இதைவிடத் துணிச்சலானது. தொழில் தகராறுகளில் போலீசார் முதலாளிக்குக் காவலாக இறங்கக் கூடாது என்று கொள்கையாகவே அறிவித்தது. வலதுசாரிப் பத்திரிகைகள் சட்டம் ஒழுங்கு செத்துவிட்டது என்று எழுதின. ஆனால் கொள்கை காகிதத்தில் இருந்த அளவுக்குத் தெருவில் இருக்கவில்லை. 1958 ஜூலையில் கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர்மீது போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அதே ஆண்டு மூணாறு தோட்டப் பகுதியிலும் துப்பாக்கிச் சூடு. தொழிலாளர் அரசின் போலீசே தொழிலாளரைச் சுட்டது. போலீசுக்கு உத்தரவு போடுவது எளிது, போலீஸ் நிலையத்தின் பழக்கத்தை மாற்றுவது வேறு வேலை என்பதை அந்த அமைச்சரவையில் இருந்த ஒவ்வொருவரும் இரத்தத்தில் கற்றார்கள். பின்னாளில் 1978இல், ஒரிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து விசாரித்த வழக்கில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பைப் படிக்கும்போது இந்த அனுபவம் தெரிகிறது. பெண்ணை நிலையத்துக்கு அழைத்ததைக் கண்டித்தது, மௌனமாக இருக்கும் உரிமையை விசாரணைக் கட்டத்துக்கே நீட்டியது, பக்கத்தில் வக்கீல் இருக்கலாம் என்றது எல்லாம், பூட்டிய அறைக்குள் என்ன நடக்கும் என்று அறிந்தவர் எழுதியவை.

சிறையும் சட்ட உதவியும் அவர் மனதுக்கு நெருங்கிய துறைகள். ஏழைகளுக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துக்கொடுக்கும் விதிகளைக் கேரளம் அப்போதே கொண்டுவந்தது. மரண தண்டனைக் கைதிகளின் தண்டனையைக் குறைத்ததும் அரசியல் கைதிகளை விடுவித்ததும் அந்த அரசின் முதல் வாரங்களில் நடந்தவை. கேரளச் சிறை விதிகள் 1958இல் வகுக்கப்பட்டன. நீர்ப்பாசன அமைச்சராக அவர் செய்த ஒரு காரியம் கொங்கு நாட்டுக்கு நெருக்கமானது: பரம்பிக்குளம் ஆழியாறு நீர்ப் பங்கீட்டில் சென்னை மாநிலத்தோடு நடந்த பேச்சு. முறையான ஒப்பந்தம் 1970 மே 29இல்தான் கையெழுத்தானது. ஆனாலும் 1958 நவம்பர் 9 முதலே செல்லுபடியாகும் என்று அதில் எழுதப்பட்டது. பொள்ளாச்சி, உடுமலை விவசாயிகளுக்கு அது வாழ்வு. சித்தூர்ப் பக்கத்துக் கேரள விவசாயிகளுக்கு அது இன்றுவரை குறை.

கல்வி மசோதா வேறு கதை. அது கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் பிள்ளை, ஆனால் சட்டச் சண்டை சட்ட அமைச்சரின் தலையில்தான் விழுந்தது. தனியார் பள்ளி ஆசிரியர் நியமனத்தை அரசுத் தேர்வாணையத்தின் பட்டியலுக்குக் கட்டுப்படுத்திய மசோதா 1957 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், அவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22இல் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு, மசோதாவின் பெரும்பகுதியை ஏற்றது. சிறுபான்மையினர் பள்ளிகளின் உரிமையைத் தொடும் சில பிரிவுகளை ஏற்கவில்லை. திருத்திய மசோதாவுக்கு 1959 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் தெரு தயாராகிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை, நாயர் சேவைச் சங்கம், காங்கிரஸ், முஸ்லிம் லீக் எல்லாம் சேர்ந்து அரசுக்கு எதிராக நடத்திய விமோசன சமரத்தில் (விடுதலைப் போராட்டத்தில்) 1959 ஜூன் 13இல் அங்கமாலியில் ஏழு பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். ஜூலை 31இல் ஆளுநர் அறிக்கையின் பேரில், சபையில் பெரும்பான்மை குறையாத அரசு 356ஆம் பிரிவின் கீழ் கலைக்கப்பட்டது.

1959 ஆகஸ்டில் மீண்டும் கறுப்பு அங்கி. அடுத்த ஆண்டு தோல்வி, தேர்தல் மனு, திரும்பவும் சபை. 1965இல் நின்று தோற்றார். அந்தச் சபை ஒரு நாள்கூடக் கூடாமல் கலைந்தது, எனவே தோல்வியில் பெரிய நட்டமில்லை. 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1971இல் சட்ட ஆணைய உறுப்பினர், 1973 ஜூலை 17இல் உச்ச நீதிமன்றம்.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்புதான் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டிருந்தார். நீதிபதியின் சமூகப் பார்வையைக் கணக்கில் எடுத்தே நியமிப்போம் என்று மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் நாடாளுமன்றத்தில் வாதாடியிருந்தார். இந்தச் சூட்டில் ஒரு முன்னாள் கம்யூனிஸ்ட் அரசின் அமைச்சரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால் வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? மும்பை வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி தன் கணிப்பு தவறு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். எதிர்த்தவர்களின் சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் தவறான இடத்தில் சந்தேகப்பட்டார்கள். ஆட்சியாளர்களுக்கு வளைந்துகொடுப்பாரோ என்று அஞ்சினார்கள். ஆட்சி நடத்தி, ஆளுநர் அறிக்கையால் வெளியேற்றப்பட்டு, தோற்று, வழக்காடி ஜெயித்த ஒருவருக்கு அதிகாரத்தின்மீது பிரமிப்பு எங்கிருந்து வரும்?

1975 ஜூன் 12இல் அலகாபாத் நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா இந்திரா காந்தியின் தேர்தலை ரத்துசெய்தார். மேல்முறையீட்டைப் பற்றிப் பேச மத்திய சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே தொலைபேசியில் நேரம் கேட்டபோது, சந்திக்க வேண்டியதில்லை, மனுவை நீதிமன்றப் பதிவகத்தில் கொடுங்கள் என்று கிருஷ்ணய்யர் சொல்லிவிட்டார். சட்ட அமைச்சர் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தவர், அந்த நாற்காலியிலிருந்து வரும் அழைப்புக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். இந்திராவுக்காகப் பால்கிவாலாவும், தேர்தலை எதிர்த்து மனு போட்டிருந்த ராஜ்நாராயணுக்காகச் சாந்தி பூஷணும் வாதாடினார்கள். ஜூன் 24இல் வந்த ஆணை முழுத் தடை தரவில்லை: பிரதமராக நீடிக்கலாம், அவைக்கு வரலாம், உறுப்பினராக வாக்களிக்கவும் சம்பளம் வாங்கவும் முடியாது. தேர்தல் மேல்முறையீடுகளில் சாதாரண உறுப்பினருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அதே நிபந்தனைகள். பிரதமருக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. (அதிகம் பேர் அறியாத ஒரு குடும்பச் செய்தி: 1977 அக்டோபரில் இந்திரா கைதானபோது அந்த நடவடிக்கையில் முன்நின்ற மத்திய புலனாய்வுத் துறை இணை இயக்குநர், பின்னாளில் தமிழகக் காவல்துறைத் தலைவரான வி.ஆர். லட்சுமிநாராயணன். கிருஷ்ணய்யரின் தம்பி.)

அந்த ஆணையில் ஒரு கருத்து என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது. சட்டம் கடுமையாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அது சட்டமே, அதை மாற்ற விழித்திருக்க வேண்டியது சட்டமன்றம் என்ற பொருளில் எழுதினார். சட்டம் செய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தவரின் தன்னடக்கம் இது. நாடாளுமன்றம் உண்மையிலேயே விழித்துக்கொண்டது. ஆகஸ்டில் தேர்தல் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தியது, 39ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. அவர் நினைத்த விழிப்பு அதுவாக இருந்திருக்காது.

இதே தன்னடக்கம் எல்லா வழக்கிலும் இருந்ததா என்றால் இல்லை. 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், குற்றவாளியால் சமூகத்துக்குத் தொடர்ந்து பேராபத்து என்ற நிலை இருந்தாலொழியத் தூக்கு கூடாது என்று மரண தண்டனையின் எல்லையைப் பெருமளவு சுருக்கினார். உடனிருந்த நீதிபதி ஏ.பி. சென், இதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்று மறுத்தார். 1975இன் கிருஷ்ணய்யரை 1979இன் கிருஷ்ணய்யருக்கு எதிராக நிறுத்திய மறுப்பு அது. 1980இல் பச்சன் சிங் தீர்ப்பு சென் பக்கமே சாய்ந்தது. தண்டனையில் என் மனம் கிருஷ்ணய்யரோடு இருக்கிறது, முறையில் சென்னோடு. சபையில் இருந்தால் ஒரு மசோதாவாகக் கொண்டுவந்து, எதிர்ப்பைக் கேட்டு, தோற்றாலும் மறுபடி கொண்டுவந்திருக்க வேண்டிய ஒன்றை அவர் தீர்ப்பாக எழுதினார். அவருடைய ஆங்கிலமும் இந்தக் கோளாறின் இன்னொரு முகம்தான். சபைப் பேச்சின் அலங்காரம் தீர்ப்பில் ஏறி, யாருக்காக எழுதினாரோ அந்த ஏழைக்கு எட்டாத உயரத்தில் போய் நின்றது.

ஆனால் அந்த அனுபவம் தேவைப்பட்ட இடங்களில் வேறு யாராலும் அப்படி எழுதியிருக்க முடியாது. 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை. மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டார். வந்த பிணையாளின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரையும் ஏற்கவில்லை. 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார் கிருஷ்ணய்யர். பணமில்லாதவனுக்கு ஜாமீன் ஆணை வெறும் காகிதம் என்பது, ஏழைகளுக்குச் சட்ட உதவி விதிகள் எழுதியவருக்கு, 1973இல் மத்திய அரசின் சட்ட உதவிக் குழுவுக்குத் தலைமை தாங்கி அறிக்கை கொடுத்தவருக்கு, பழைய செய்தி. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி எழுதியனுப்பிய கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்து 1979 டிசம்பரில் தீர்ப்பு எழுதினார். சிறைக்குள் கைதியாக ஒரு மாதம், சிறைக்கு மேலே அமைச்சராகச் சில ஆண்டுகள் என்று இரண்டையும் பார்த்த நீதிபதி இந்திய உச்ச நீதிமன்றத்தில் அரிது.

தேர்தலிலும் அப்படியே. 1977 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் பெரோஸ்பூரில் வாக்கு எண்ணிக்கையின்போது கலவரம் மூண்டு வாக்குச்சீட்டுகள் அழிந்தன. தேர்தல் ஆணையம் தொகுதி முழுவதற்கும் மறுதேர்தல் அறிவித்தது. மொகிந்தர் சிங் கில் தொடுத்த வழக்கில், தேர்தலின் நடுவே உயர் நீதிமன்றம் குறுக்கிட முடியாது, தேர்தல் மனுதான் வழி என்றார் கிருஷ்ணய்யர். தான் நடந்த வழியையே காட்டினார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: ஓர் அதிகாரி ஆணை போடும்போது சொல்லாத காரணத்தை, வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதிதாகச் சேர்த்து ஆணையைக் காப்பாற்ற முடியாது. அரசு ஆணைக்கு எதிராக வழக்குப் போடும் எந்த வக்கீலும் இன்றுவரை எடுத்துக்காட்டும் விதி இது. அரசுக் கோப்புகளில் காரணங்கள் எப்போது, எப்படி எழுதப்படுகின்றன என்பது ஒரு முன்னாள் அமைச்சருக்கு நன்றாகவே தெரியும்.

ஆளுநர் விஷயத்துக்கு வருகிறேன். 1974இல் சம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆளுநரும் குடியரசுத் தலைவரும் சில விதிவிலக்குகள் தவிர அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று தீர்மானித்தது. கிருஷ்ணய்யர் நீதிபதி பகவதியையும் சேர்த்துக்கொண்டு தனித் தீர்ப்பு எழுதி அதற்கு வலுச் சேர்த்தார். 1952இல் ஆளுநர் அழைத்த அரசையும் 1959இல் ஆளுநர் அறிக்கை கவிழ்த்த அரசையும் சபைக்குள் இருந்து பார்த்தவர் அவர். ஓய்வுபெறும் வாரத்தில், 1980 நவம்பரில், மாரு ராம் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதும்போது அதையே தண்டனைக் குறைப்புக்கும் பொருத்தினார்: 161ஆம் பிரிவின் கீழ் மன்னிக்கும் அதிகாரம் ஆளுநரின் பெயரில் இருந்தாலும், முடிவு அமைச்சரவையுடையது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பர் 9இல் பரிந்துரைத்தது. இரண்டரை ஆண்டு கையில் வைத்திருந்த ஆளுநர், அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2022 மே 18இல் நீதிபதி நாகேஸ்வர ராவ் அமர்வு அவரை விடுவித்தபோது, அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு எடுத்துக்கொண்ட முன்தீர்ப்புகளில் மாரு ராமும் ஒன்று. எழுதியவர் இறந்து அப்போது ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.